முயலுக்கு மாட்டுப் பொங்கல்

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு மாட்டுத் தீவனக் கடை இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தீவனம் வாங்க வருவதில்லை, வைத்தியம் கேட்க வருகிறார்கள். கன்று கழிகிறது, பசு அசை போடவில்லை, காளைக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு குறை. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பெரிய டாக்டர் கணக்காக மூன்று கேள்வி கேட்டுவிட்டு வைத்தியம் சொல்வேன். உசிலம்பட்டிப் பக்கம் மாட்டுக் கொட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பேச்சு வருவதற்கு முன்னாலேயே எனக்கு மாடு பிடிக்க வந்துவிட்டது என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, நான்தான் சொல்லிக்கொண்டு திரிவேன்.

அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து என் மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

ஆடி முடிந்த கையோடு அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. கல்லூரியில் படிக்கும்போது வண்டியூரில் ஒரு தோழி வீட்டிலிருந்து அவள் தூக்கி வந்த இரண்டு முயல்கள், அவளுடைய அறையிலேயே வளர்ந்துகொண்டிருந்தன. இரண்டும் பெட்டை. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் அவற்றுக்கு இடம் கிடையாது. அந்தத் தோழியிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. மாடு கன்றோடு ஐம்பது வருஷம் புழங்கியவன் வீட்டில் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, இரண்டு கைப்பிடி முயலை அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் விடுவதா? நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களால முடியுமாப்பா?"

ஊரெல்லாம் என்னிடம் வந்து யோசனை கேட்கிறது, பெற்ற பிள்ளை இப்படிக் கேட்கிறது. கோபம் வந்தால் எனக்கு வாக்குக் கொடுக்கிற வியாதி உண்டு. "நீ எப்படி விட்டுட்டுப் போறியோ, அப்படியே பொங்கலுக்கு உங் கையில குடுக்குறேன். இல்லேன்னா என்னைய என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டேன்.

போகும்போது இரண்டு பக்கத்துக்கு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். என்ன தின்னும், என்ன தின்னக்கூடாது, எப்படித் தூக்க வேண்டும், காதைப் பிடித்துத் தூக்கினால் நடப்பது என்ன என்றெல்லாம் அதில் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. அது அவள் குற்றமில்லை.

முயல்களுக்கு அவள் வைத்திருந்த பெயர்கள் என் வாயில் நுழையாதவை. ஒன்று செம்பழுப்பு, ஒன்று சாம்பல் கலந்த வெள்ளை. மாட்டுக்குச் சொல்கிற வழக்கப்படி செவலை, மயிலை என்று கூப்பிட ஆரம்பித்தேன். செவலைக்கு ரோஷம் ஜாஸ்தி. பிடிக்காத காரியம் நடந்தால் பின்னங்காலால் தரையில் டம் என்று ஓர் அடி அடிக்கும். மயிலை பரம சாது, சோறு போட்டவர் பின்னால் போகிற ரகம். எனக்குச் செவலையைத்தான் பிடித்துப் போனது. எங்கள் இருவருக்கும் குணம் ஒத்துப்போகிறது என்று மனைவி சொன்னாள்.

அறைக்குள் இருந்தவை வெளியே குடிபோனதற்கும் மனைவிதான் காரணம். மகள் போன மறுவாரமே செவலை டிவி வயரைக் கடித்து இரண்டாக்கிவிட்டது. நல்லவேளை, பிளக் போடாமல் கிடந்தது. ஆனால் சீரியலில் கல்யாணம் நடக்கிற அன்றைக்குப் பார்த்து அப்படி ஆனதை அவளால் மன்னிக்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம், அதில் ஒரு புங்கமரம். அங்கே கொண்டுபோ என்றாள்.

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. கடையை அவளிடம் விட்டுவிட்டு நான்கு நாள் சுத்தியலும் கையுமாகவே இருந்தேன். பழைய இரும்புக் கட்டில் ஒன்று மாடியில் கிடந்தது. அதை இறக்கிப் புங்கமரத்து நிழலில் போட்டு, அதன்மேல் பலகையும் கம்பி வலையும் அடித்து ஒரு வீடு கட்டினேன். வலையிலேயே நின்றால் பாதம் புண்ணாகும் என்று மகள் எழுதியிருந்ததால் தரையில் பாதி பலகை, பாதி வலை. வலைக்குக் கீழே புழுக்கை விழுவதற்கு ஒரு தகரத் தட்டு, இழுத்தால் வருகிற மாதிரி. மேலே தகரம், தகரத்தின்மேல் வெயில் இறங்காமல் இருக்கத் தென்னங்கீற்று. எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால் நான்கையும் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தினேன். முன்னால் பத்தடிக்கு ஆறடி ஓடி விளையாட இடம், சுற்றிலும் ஆளுயரத்துக்கு வலை. எங்கள் பக்கம் பெருச்சாளி மண்ணைக் குடைந்துகொண்டு எங்கேயும் வந்துவிடும் என்பதால் வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கிக் கல்லை வைத்து மூடினேன். மேலேயும் வலைதான், பூனைக்கும் காக்காய்க்கும் கதவு கிடையாது. கட்டி முடித்த அன்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பால் காய்ச்சாததுதான் பாக்கி.

அடுத்த வாரமே மூக்கு உடைந்தது. முயல் கொஞ்சம் மெலிவாகத் தெரிகிறதே என்று கடையிலிருந்து ஊற வைத்த பருத்திக்கொட்டையும் கடலைப் புண்ணாக்கும் எடுத்து வந்து வைத்தேன். இரண்டும் ஆசையாகத் தின்றன. மறுநாள் கழிச்சல். எங்கள் வட்டாரத்து மாட்டு டாக்டரம்மா மருந்துக்கும் தாது உப்புக்கும் என் கடைக்கு வந்து போகிறவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றார். "அண்ணே, நீங்க அதுல பால் கறக்கப் போறீங்களா?" என்று கேட்டார். காய்ந்த புல்தான் முக்கியம், நாள் முழுக்க வாயில் புல் இருக்க வேண்டும், அருகும் வேலிமசால் தழையும் முருங்கை இலையும் போதும், கேரட்டெல்லாம் பண்டிகைப் பலகாரம் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டுத் தெளிந்துகொண்டேன். செவலை விடிகாலையில் தன் புழுக்கையைத் தானே தின்பதைக் கண்ணால் பார்த்திருந்தேன். வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. டாக்டரம்மா அதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. அது மெத்தென்று இருக்கிற வேறு புழுக்கை, மாடு இரை மீட்டி அசை போடுகிற மாதிரி முயலுக்கு அதுதான் இரண்டாம் சாப்பாடு என்றார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். பார்த்தாயா, இதுவும் மாட்டு ஜாதிதான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் விதை அந்த முடிவுதான்.

சுத்தம் என்றால் எனக்குப் பைத்தியம். கடையிலேயே ஒரு கைப்பிடித் தவிடு சிந்திக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. முயல் என்றாலே நாறும் என்று பக்கத்து வீட்டில் முன்கூட்டியே முகத்தைச் சுளித்திருந்தார்கள். அதையும் பார்த்துவிடுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை தகரத் தட்டை உருவிப் புழுக்கையை வாசலில் நிற்கிற தென்னை மூட்டில் கொட்டுவது. முயல் தனக்கென்று ஒரு மூலையை வைத்துக்கொண்டு அங்கேதான் ஒன்றுக்குப் போகும், அந்த மூலையில் மரத்தூள் போட்ட ஒரு தட்டு வைத்து நாளுக்கொரு தரம் மாற்றினேன். வாரம் ஒருமுறை தட்டுகளை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைப்பேன். ஓடுகிற இடத்தில் ஒரு புழுக்கை கிடந்தாலும் கையால் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவேன். மாமியார் வீட்டு விருந்துக்குக்கூட நான் இம்புட்டு அக்கறையாகக் கிளம்பியதில்லை என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டுக்காரர்களே இரண்டு மாதத்தில் ரோஜாச் செடிக்குப் புழுக்கை கேட்டு வந்தார்கள். கொடுத்தேன், கொஞ்சம் காக்க வைத்து.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் மழை விட்ட நேரம், கீரி ஒன்று வலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. செவலை காலால் அடித்த அடியில்தான் எனக்கே தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கீரி தாழ்ப்பாளில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. கதவு கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டேன். அன்றைக்கே கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டு அதற்கு ஒரு கொக்கியும் மாட்டினேன். சாயங்காலம் மகள் வீடியோவில் பேசும்போது கொக்கியைக் கழற்றி மாட்டிக் காட்டினேன். சூப்பர்ப்பா என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் நான்கு கொக்கி மாட்டியிருப்பேன்.

பாதுகாப்பும் சுத்தமும் கைக்கு வந்த பிறகு விளையாட்டில் இறங்கினேன். மகள் எழுதிய தாளில், சும்மாவே கிடந்தால் அதுகளுக்குச் சலிப்புத் தட்டி வலையைக் கடிக்க ஆரம்பித்துவிடும் என்று இருந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய பெரிய பிவிசி குழாயை மண்ணில் பாதி புதைத்துச் சுரங்கம் ஆக்கினேன். வாய் உடைந்த பானையைச் சாய்த்துப் போட்டேன். மருந்துக் கடையில் அட்டைப்பெட்டி வாங்கி வந்து இரண்டு பக்கமும் வாசல் வெட்டி வைத்தேன். கொய்யாக் குச்சியும் முருங்கைக் கொத்தும் எட்டி இழுக்கிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு அட்டைப்பெட்டி மூன்று நாள் தாங்கும். மூன்றாம் நாள் சல்லடையாகிக் கிடக்கும், அதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு திருப்தி.

ஒரு சாயங்காலம், யானைமலைக்குப் பின்னால் வெயில் சரிந்துகொண்டிருந்த நேரம், செவலை குழாய்க்குள்ளிருந்து வெளியே வந்து திடீரென்று எகிறியது. நின்ற இடத்திலிருந்து இரண்டடி உயரம். அந்தரத்திலேயே உடம்பை முறுக்கித் தலையை ஒரு பக்கம் காலை ஒரு பக்கம் உதறியது. இறங்கியதும் மறுபடியும் ஓர் எகிறல். வலிப்பு வந்துவிட்டது என்று அலறிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டேன். அவள் வீடியோவில் பார்த்துவிட்டு ஹாஸ்டலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். சந்தோஷம் தாங்காமல் போனால் முயல் அப்படித்தான் குதிக்குமாம். தன் அறையில் இருந்தபோது ஒரே ஒரு தடவைதான் அப்படிக் குதித்தது, இடம் போதாது என்றாள். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, நீங்கள் என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் இரண்டு தோசை கூடத் தின்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் பொங்கல் வந்தது.

தை நெருங்கினால் என் கடையைப் பார்க்க வேண்டும். வாசலில் கயிறும் சலங்கையும் கழுத்து மணியும் நெட்டி மாலையும் தொங்கும். கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் காளையைப் பற்றி அரைமணி நேரம் பேசாமல் போக மாட்டார்கள். எனக்கும் பேச வேண்டும், ஆனால் ஊரிலிருந்த மாடுகளெல்லாம் தம்பி வீட்டில் இருக்கின்றன. என் வீட்டில் வாயில்லாத ஜீவன் என்று இருப்பவை இரண்டே இரண்டுதான். மாட்டுப் பொங்கல் அன்று குளிப்பாட்டாத உருப்படி கொட்டத்தில் நிற்கக்கூடாது என்பது நான் வளர்ந்த வீட்டுச் சட்டம். ஆடு, நாய், கோழிக்குஞ்சு வரைக்கும் தண்ணீர் தெளிப்போம். மகளுக்கு லீவு கிடைத்ததும் மாட்டுப் பொங்கலில் இருந்துதான். காலையில் கோயம்புத்தூரில் பஸ் ஏறி மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். வாக்குப்படி முயலைக் கையில் கொடுக்க வேண்டிய நாள். சும்மா கொடுக்கலாமா? குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கொடுத்தால் பிள்ளை எப்படிச் சிரிக்கும் என்று நினைத்து நினைத்து இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே இல்லை. இருப்பதிலேயே சின்னதாக இரண்டு மணி தேர்ந்தெடுத்துச் சிவப்பு நூலில் கோத்து வைத்தேன். நெட்டி மாலையைப் பிரித்து முயல் கழுத்துக்கு ஏற்றபடி சின்னதாகக் கட்டினேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மாட்டுப் பொங்கல் காலையில் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அகன்ற அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் பிடித்தேன். பனிக்காலம் என்று இரண்டு சொம்பு வெந்நீரும் கலந்தேன், என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். முதல் மரியாதை செவலைக்கு. தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் இறக்கியதும் அது ஒரு கத்து கத்தியது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கால்களை உதறியது, என் கையைக் கீறியது. மாட்டைக்கூடக் குளத்தில் இறக்கும்போது இப்படித்தான் முரண்டு பிடிக்கும், பிறகு சுகம் தெரிந்ததும் அடங்கிவிடும். அதேபோலச் செவலையும் அடங்கியது. வைக்கோலைச் சுருட்டி முதுகைத் தேய்த்தேன், வயிற்றைத் தேய்த்தேன். கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. சுகமாக இருக்கிறது போல என்று எனக்கு ஒரே பெருமிதம். வெளியே எடுத்து நெற்றியில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தேன். மணியைக் கட்டினேன், மாலையைப் போட்டேன். மயிலைக்கு வேறு தண்ணீர் பிடிக்கலாம் என்று திரும்பும்போது மனைவி பொங்கல் பானைக்கு விறகெடுக்கப் பின்பக்கம் வந்தாள்.

என் கையைப் பார்த்தாள்.

"ஏங்க, அது மூச்சு விடுதா?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். செவலை துணி மாதிரி கையில் தொங்கிக்கொண்டிருந்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. மூக்கு எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும், அது நின்று நின்று துடித்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. அன்றைக்குப் பாலமேட்டில் ஜல்லிக்கட்டு, சுற்றுவட்டாரத்து மாட்டு டாக்டர்களெல்லாம் காளைகளைச் சோதித்துப் பார்க்க அங்கேதான் நிற்பார்கள். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் மைக்கில் காளைக்காரர் பேரைச் சொல்லிக் கத்துகிற சத்தம், கூட்டத்தின் சத்தம். நான் இந்தப் பக்கம் கத்தினேன், முயல் சாகக் கிடக்கிறது என்றேன்.

"என்னண்ணே பண்ணீங்க?"

"குளிப்பாட்டுனேன்."

மைக் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மளமளவென்று சொன்னார். உடனே துடைக்க வேண்டும், ஒட்டி எடுக்கிற மாதிரி, தேய்க்கக்கூடாது. அடிமயிர் வரை காய வேண்டும். வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும், சூடு நேராகப் படக்கூடாது. இருட்டான அறை, சத்தம் ஆகாது. பயத்திலேயே பாதி உயிர் போயிருக்கும் என்றார். முயல் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், அதற்குக் குளியலே கிடையாது என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். பிழைத்து எழுந்தாலும் வயிறு நின்றுபோனால் கஷ்டம். "புழுக்கை போடுதான்னு பாருங்கண்ணே. போட்டுச்சுன்னா பயமில்ல. போடலேன்னா எம்புட்டு நேரமானாலும் எனக்குக் கூப்பிடுங்க" என்றார்.

மணியை அறுத்தேன், மாலையைப் பிய்த்து எறிந்தேன். மனைவி வீட்டிலிருந்த துண்டையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாள். மூட்டை அடுக்கி வைக்கிற உள்ளறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஒரு துண்டு நனைந்ததும் அடுத்த துண்டு. மஞ்சள் துண்டில் இறங்கியது, நெற்றியில் குங்குமம் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. அதைத் துடைக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு ஆசையாக வைத்த பொட்டு. உள்ளே இருக்கிற மயிர் காயக் காய, செவலையை என் வெறும் மார்போடு சேர்த்து அணைத்து மேலே துண்டைப் போர்த்தினேன். அதன் நெஞ்சு என் நெஞ்சில் படபடவென்று அடித்தது. அடிக்கிறவரை அடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே தெருவில் பொங்கலோ பொங்கல் என்று கூவுகிறார்கள். எங்கள் வீட்டில் பானையே ஏற்றவில்லை.

மகள் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். ஆரப்பாளையத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பையைக் கூட இறக்காமல் நேரே பின்பக்கம் ஓடியிருக்கிறாள். மயிலை மட்டும் குழாயில் இருக்கிறது, அன்னக்கூடைத் தண்ணீரில் செம்பழுப்பு மயிர் மிதக்கிறது. உள்ளே வந்து கதவைத் திறந்தபோது அவள் முகத்தில் கேள்வியே இல்லை, எல்லாம் தெரிந்திருந்தது.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்காகக் குளிப்பாட்டினேன், தெரியாமல் செய்துவிட்டேன், டாக்டரம்மா இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று தலையைக் குனிந்தபடியே சொல்லி முடித்தேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. எனக்குப் பக்கத்தில் புண்ணாக்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு விரலால் செவலையின் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"குளிப்பாட்டக்கூடாதுன்னு எழுதணும்னு எனக்குத் தோணவே இல்லையேப்பா" என்றாள்.

தப்பை அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

மனைவி அவ்வப்போது வந்து வெந்நீர் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு மணிக்குச் செவலையின் காது கொஞ்சம் சூடானது. இரண்டு மணிக்கு என் மார்பிலிருந்து மெதுவாக நழுவி மடியில் இறங்கி உட்கார்ந்தது. ஈரம் போன முதுகை ஒருமுறை நக்கிக்கொண்டது. மகள் ஓர் அருகம்புல்லை நீட்டினாள், முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அரைமணி கழித்து மறுபடி நீட்டினாள். இந்தத் தடவை நுனியைக் கடித்தது. மென்றது. நாங்கள் இரண்டு பேரும் அது மெல்லுகிற சத்தத்தைக் கேட்டோம். ஆனால் தின்பதை வைத்து நம்பிவிட முடியாது, டாக்டரம்மா சொன்னது வேறு. என் கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. அசையப் பயமாக இருந்தது.

மூன்றரை மணி இருக்கும். மடியில் என்னவோ உருண்டது. முதலில் பிரமை என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், புது வேட்டியின் மடிப்பில், மஞ்சள் கறைக்குப் பக்கத்தில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பாக ஒன்று கிடக்கிறது.

"போட்டுருச்சு" என்றேன்.

மகள் பாய்ந்து வந்து எட்டிப் பார்த்தாள். "எத்தனைப்பா?"

"ஒண்ணு. இரு, இரு. ரெண்டு. மூணு."

"அசையாதீங்க."

நான் எங்கே அசைவது. ஐந்து மாதமாகத் தரையில் ஒரு புழுக்கை கண்ணில் படவிடாதவன், வேட்டியை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு இன்னும் விழாதா என்று காத்திருக்கிறேன். நாலு, அஞ்சு என்று அவள் சத்தமாக எண்ண எண்ண, அடுப்படியிலிருந்து மனைவி ஓடி வந்தாள். ஏழாவது விழுந்தபோது மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள், இடையிடையே சிரித்தாள். செவலைக்கு எங்கள் ஆர்ப்பாட்டம் பிடிக்கவில்லை. மடியிலிருந்து குதித்துத் தரையில் நின்று பின்னங்காலால் டம் என்று ஓர் அடி அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட சந்தோஷத்தில் நான் எழுந்திருக்கப் பார்த்தேன், கால் மரத்துப் போனதில் அப்படியே மூட்டைமேல் சாய்ந்து விழுந்தேன்.

எங்கள் வீட்டில் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொங்கல் பொங்கியது. பாலமேட்டிலிருந்து திரும்புகிற வழியில் டாக்டரம்மா உடம்பெல்லாம் புழுதியோடு வந்து செவலையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லிப் பொங்கல் தின்றுவிட்டுப் போனார். இனிமேல் கடையில் வைத்தியம் சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை தன்னைக் கேட்கும்படி சொன்னார். நான் சரி என்றேன். மகள் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் இருந்தாள். கிளம்புகிற அன்று காலையில் நான் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளின் அடியில் என் கையெழுத்தில் பெரிதாக எழுதினேன்: எந்தப் பண்டிகை வந்தாலும் குளிப்பாட்டக்கூடாது. அவள் அதைப் படித்துவிட்டுப் பையைக் கட்டப் போனாள். முயல்களை வண்டியூர்த் தோழி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று நான்கு நாளாக எனக்குள் ஓர் உதறல் இருந்தது. அப்படிச் சொன்னால் வாயைத் திறக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

ஸ்டாப்பில் டவுன் பஸ் வந்தது. படியில் ஏறியவள் திரும்பினாள். ஆவணியில் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மயிலைக்குப் புல்லு தீந்துருச்சுப்பா. போனதும் வச்சுருங்க" என்றாள்.

அவ்வளவுதான். உங்களால் முடியுமா என்று கேட்கவே இல்லை. அவள் வாயில் நான் வைத்த மயிலை என்ற பேர் வந்ததுகூட எனக்குப் பஸ் வளைவு திரும்பிய பிறகுதான் உறைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.